பதிவேட்டில் இல்லாத டிஸ்க்

வீட்டுக் கோப்பு இரட்டைக் காப்பு இயக்ககத்துக்கு இரண்டு வாசல்கள். இரண்டிலும் பெயர்ப் பலகை உண்டு, இரண்டிலும் காவலர் உண்டு. ஒரு வாசலில் பழுது ஏற்பட்டால் பொதுமக்கள் மற்றதன் வழியே வரலாம் என்பது ஏற்பாடு. எந்த வாசலில் நுழைந்தாலும் மற்ற வாசல் காவலரிடம் போய் ஒரு சீட்டு வாங்கி வரவேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு வாசல் பூட்டியிருந்தால் இரண்டும் பூட்டியதற்குச் சமம். இதைத் திட்டமிட்டவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தபடி தொழில் செய்பவர்கள் தங்கள் வேலையை ஒரே கம்ப்யூட்டருக்குள் போட்டு வைத்துவிட்டு, அது செத்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு காலத்தில் உண்மையிலேயே கவலை பிறந்தது. அந்தக் கவலைக்கு ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறந்த பிள்ளைதான் இந்த இயக்ககம். பாட்டன் நல்லவர், பேரனைப் பற்றித்தான் இந்தக் கதை.

கதைக்குரியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் ஊசி அதன்படியே துணியில் ஓடும் மெஷின். படம் வரைவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எந்த நூல் எந்தத் துணியை எந்தப் பக்கம் இழுக்கும், வழவழத் துணியில் தைத்த இறகுப் படம் சுருங்காமலிருக்க எங்கே இரண்டு தையல் முன்னதாகவே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் துணியைப் பாழாக்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒன்பது வருஷம் பாழாக்கி, அந்த அம்மாள் ஆறாயிரம் டிசைன் சேர்த்திருந்தார். ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்து, ஒரு மாத வேலை போயிற்று. அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே கணவர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "இதை உங்க ரவுட்டரோட ஒயர் போட்டு விட்டுடுங்கண்ணே. உள்ள ரெண்டு டிஸ்க். நீங்க எதைப் போட்டாலும் ரெண்டுலயும் விழும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். செத்ததை உருவிட்டுப் புதுசைச் சொருகுனா, அதுவே பார்த்து எழுதிக்கும்."

"ரெண்டுலயும் ஒரே சரக்குதானே? அப்புறம் எதுக்கு ரெண்டுக்கும் முழு விலை?"

"ஒரே மாதிரி ரெண்டு செருப்புன்னு ஒரு காலுக்கா காசு கொடுக்கறீங்க?"

வியாபாரம் படிந்தது. மொத்தமே மூன்று நிமிடம். இதே விஷயத்தை இயக்ககம் நூற்று நாற்பது பக்கக் கையேட்டில் சொல்லியிருக்கிறது. அதைப் படித்து முடித்தவர்களுக்குக் கடைக்காரர் சொன்னதும் மறந்துவிடும்.

இப்படிப் பெட்டி வாங்கினால் இயக்ககத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்காக இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். இயக்ககத்தில் எந்தக் காரியத்தையும் இருவர் செய்ய வேண்டும். ஒருவர் செய்ததையே மற்றவரும் செய்ய வேண்டும். மூத்தவருக்கு அசல் என்றும் இளையவருக்கு நகல் என்றும் தெருவில் பெயர். பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. பொருத்தத்தைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

"எத்தனை வட்டு?" என்று கேட்டார் அசல். டிஸ்க்குக்கு இயக்ககத்தில் வைத்த பெயர் வட்டு.

"ரெண்டு சார்."

"எத்தனை வட்டு?" என்று கேட்டார் நகல்.

"இப்பதானே சார் சொன்னேன்?"

"அது அவருக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

"உங்களுக்கும் ரெண்டுதான் சார்."

இருவரும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். அசல் சுவரிலிருந்த மின் இணைப்பைத் தொட்டுப் பார்த்தார். நகலும் தொட்டுப் பார்த்தார். அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அசல் குடிக்கும்வரை நகல் காத்திருந்தார்.

கடைசியில் அசல் பையிலிருந்து அரக்கை எடுத்து உருக்கி, டிஸ்க் உருவும் கதவின் மேல் கொட்டி முத்திரை குத்தினார். நகல் அதன் பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்தினார்.

"சார், கதவை ஒட்டிட்டீங்களே. டிஸ்க் கெட்டா எப்படி எடுக்கறது?"

"முத்திரை போட்ட பெட்டியில வட்டு கெடாது."

"இதுவரைக்கும் கெட்டதா பதிவில்ல" என்றார் நகல்.

"முத்திரையை நீங்களா உடைச்சா பதிவு ரத்து. தொழில் கருவி பறிமுதல்" என்றார் அசல், மெஷினைப் பார்த்துக்கொண்டே. நகலும் மெஷினைப் பார்த்தார்.

இன்னொன்றும் செய்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரில் இயக்ககத்தின் பூட்டு ஒன்றை ஏற்றினார்கள். பெட்டியிலிருந்து மூன்றாவது பிரதி எடுப்பது பதுக்கல். பதுக்கலைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒரு டிசைனைத்தான் வெளியே எடுக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் தட்டச்சு செய்ய வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் பெட்டி சமர்த்தாக ஓடியது. இரண்டு பச்சை விளக்குகளும் பொம்மைக் கண் போல விழித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு கால்பந்துச் சங்கத்திலிருந்து முந்நூறு ஜாக்கெட்டுக்கு வேலை வந்தது. முதுகில் சிறகு விரித்த பருந்து, ஒன்றுக்கு இருபத்திரண்டாயிரம் தையல், இரண்டு மாதக் கெடு. அம்மாள் பத்து நாள் உட்கார்ந்து பருந்தை வரைந்து முடித்தார். பதினோராம் நாள் காலை கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இங்க வாங்களேன். ஒரு கண்ணு சிவந்திருக்கு."

வலப் பக்க விளக்கு சிவப்பாக எரிந்தது. கணவர் மத்தியானமே கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்துவிட்டார். உருவ வேண்டும், சொருக வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு அரக்கு.

"நான் ஒவ்வொண்ணா வெளியே எடுத்து வைக்கறேன். நீங்க ஆபீசுக்குப் போய்ட்டு வாங்க" என்றார் அம்மாள்.

முதலில் பருந்தை எடுக்க உட்கார்ந்தார். 'காரணம்?' என்று கேட்டது கம்ப்யூட்டர். 'பயம்' என்று தட்டினார். 'பயம் ஏற்கத்தக்க காரணம் அல்ல' என்று பதில் வந்தது. 'வேலை' என்று தட்டியதும் விட்டது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் அன்று முழுக்க உட்கார்ந்து நாற்பது எடுத்தார். ஆறாயிரத்தையும் எடுத்து முடிக்க எத்தனை நாள் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை மூடி வைத்தார்.

கணவர் இரண்டு வாசல் சீட்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் ஜன்னலில் அசல் இருந்தார். இரண்டாம் ஜன்னலில் நாற்காலி மட்டும் இருந்தது.

"ஒரு டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு வாங்கிட்டேன். முத்திரையைப் பிரிக்க அனுமதி வேணும்."

"தாராளமா. அவரும் கையெழுத்துப் போடணும்."

"அவர் எங்க சார்?"

"பல்லுப் பிடுங்கப் போயிருக்கார். பத்து நாள் லீவு."

"ஒரு பல்லுக்கா?"

"ரெண்டு."

"அவர் இல்லாட்டி என்ன சார், நீங்க இருக்கீங்களே? அதுக்குத்தானே ரெண்டு பேரை வெச்சிருக்காங்க?"

அசல் பரிதாபமாகச் சிரித்தார். "ரெண்டு பேரை வெச்சிருக்கறதே ஒருத்தர் தனியா எதையும் செஞ்சிடக் கூடாதுன்னுதான் சார்."

"எங்க லிஃப்ட்ல அஞ்சு கயிறு சார். ஒண்ணு அறுந்தா மிச்சம் நாலும் தூக்கும். அறுந்த கயிறு வந்து கையெழுத்துப் போடட்டும்னு நடு மாடியில நிக்காது."

"அது லிஃப்ட் சார். இது பாதுகாப்பு."

பக்கத்தில் வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கவா, அழுகையை மறைக்கவா என்று தெரியவில்லை. அவர் கையிலும் ஒரு டிஸ்க் இருந்தது. உறை மங்கிப்போயிருந்தது.

பத்து நாள் கழித்துப் போனபோது நகல் வந்திருந்தார், கன்னம் வீங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டார். கோப்பு இயக்குநருக்குப் போனது. கூடவே இவரும் போனார்.

இயக்குநர் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று இயக்குநருக்கு, இன்னொன்று இணை இயக்குநருக்கு. இணை இயக்குநர் பதவி நான்கு வருஷமாகக் காலி. அதையும் கூடுதல் பொறுப்பாக இயக்குநரே பார்த்தார்.

"உட்காருங்க. உங்களை மாதிரி ஆட்களாலதான் இந்த இயக்ககம் நிக்குது" என்று தொடங்கினார் இயக்குநர். "உலகத்துல எங்கெங்கயோ டிஸ்க் போகுது, கோப்பு போகுது, மக்கள் கதறுறாங்க. நம்மகிட்ட பதினோரு வருஷத்துல ஒரே ஒரு கோப்பு தொலைஞ்சதா ஒரே ஒரு புகார்? கிடையாது. வெளியிலேர்ந்து வந்து பார்த்துட்டு அசந்து போறாங்க."

"புகார் கொடுக்க ஏதாவது படிவம் இருக்கா சார்?"

"இல்லாமலா?" இழுப்பறையிலிருந்து பெருமையாக ஒன்றை எடுத்து நீட்டினார். லிஃப்ட்காரர் படித்தார். ஏழாவது வரியில், 'தொலைந்த கோப்பின் பிரதிகள் இரண்டை இணைக்கவும்' என்றிருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருத்தர்கூட முழுசா நிரப்பிக் கொடுத்ததில்ல" என்றார் இயக்குநர். "அவ்வளவு திருப்தி."

பிறகு விண்ணப்பத்தைப் படித்தார், தலையாட்டினார், 'அனுமதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட்காரர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"இருங்க." இயக்குநர் காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்கு நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு கண்ணாடி போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து புதிதாகப் படித்தார். முகம் சுருங்கியது.

"இதை யார் அனுமதிச்சது?"

"நீங்கதான் சார். இப்பத்தான்."

"அவர் கொஞ்சம் இளகின மனசு." பேனாவை மூடினார். "இங்க பாருங்க. உங்க வீட்ல இப்ப ஒரு வட்டுதான் வேலை செய்யுது. ஒரு வட்டு இருக்கற வீடு எங்க வரம்புக்குள்ளயே வராது. ரெண்டும் ஓடுற நிலையில விண்ணப்பிங்க, உடனே பரிசீலிக்கறோம்."

"ரெண்டும் ஓடினா நான் ஏன் சார் வரப்போறேன்?"

"அதான் சொல்றேன். ஒழுங்கா இருக்கறவங்க யாரும் இங்க வர்றதில்ல."

லிஃப்ட்காரர் அந்த மேசையையும் இந்த மேசையையும் பார்த்தார். "சார், அந்த சாரைக் கொஞ்சம் கூப்பிட்டுப் பேசறீங்களா? அவர் ஒத்துக்கிட்டாரே."

வாங்குகிறவர் மசியாவிட்டால் கூட வந்தவரிடம் பேசிப் பார்ப்பது கடைத்தெரு வழக்கம். இங்கே இருவரும் ஒரே வேட்டிக்குள் இருந்தார்கள். ஆனாலும் இயக்குநர் மறுக்கவில்லை. "பேசறேன். ஆனா எழுத்துலதான் பேசணும். ஏன் அனுமதிச்சீங்கன்னு நான் அவர்கிட்ட விளக்கம் கேக்கறேன். அங்க போய் உட்கார்ந்து பதினஞ்சு நாள்ல பதில் சொல்லிடுவேன். திருப்தியா இருந்தா கையெழுத்து."

"திருப்தி இல்லாட்டி?"

"மேல போகணும். மேலயும் இப்ப நான்தான் பார்க்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது அம்மாள் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். கணவரைப் பார்த்து உஷ் என்றார். உள்ளே நல்ல டிஸ்க் 'டிக்... டிக்... டிக்' என்று நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து இப்படித்தான். இதுவும் போகப் போகுது போல. என்ன சொன்னாங்க?"

"பதினஞ்சு நாள்."

"எதுக்கு?"

"அவர் அவர்கிட்ட பேசறதுக்கு."

அம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கவும் முடிந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்தார். அம்மாள் கையில் நூல் வெட்டும் கத்தரி. தரையில் இரண்டு துண்டு அரக்கு.

"என்ன பண்ணிட்டே?"

"முத்திரையை உடைச்சேன்."

"மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கடி!"

"டிசைன் போனப்புறம் மெஷினை வெச்சு நான் என்ன பண்றது? கோணி தைக்கவா? டிஸ்க்கைச் சொருகுங்க. வாயில நுரையோட நிக்காதீங்க."

சொருகினார். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் ஒரு சதவீதம் என்று காட்டியது. செத்துக்கொண்டிருந்த டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு ஒன்பது வருஷம் இறங்கத் தொடங்கியது. நாற்பத்து மூன்றில் 'டிக்' நின்றது. அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் கழித்து நாற்பத்து நான்கு. மத்தியானம் இருவரும் நின்றபடி சாப்பிட்டார்கள். சாயங்காலம் வெயில் தாழும் முன் நூறு. இரண்டு விளக்கும் பச்சை.

பழைய செத்த டிஸ்க்கைக் காகிதக் கட்டின் மேல் கனத்துக்கு வைத்தார் கணவர். "இனி அனுமதியே வர வேண்டாம்னு வேண்டிக்கணும்" என்றார்.

வந்துவிட்டது. இயக்குநர் இயக்குநருக்குச் சொன்ன பதில் இயக்குநருக்குத் திருப்தியளித்திருந்தது. புதன்கிழமை காலை அசலும் நகலும் உத்தரவோடு வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு பை.

அசல் பெட்டியைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார். "சிவப்பு எங்க?"

"சரியாயிடுச்சு சார்."

"யார் அனுமதிச்சது?"

"நீங்கதான் சார். உங்க கையில இருக்கே."

"இது இன்னும் நிறைவேறலையே." அப்போதுதான் கதவைக் கவனித்தார். "முத்திரை எங்க?"

அம்மாள் மெஷின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

நகல் மெதுவாகச் சொன்னார்: "முத்திரை உடைஞ்சிருந்தா இருபத்தாறு பக்க அறிக்கை."

"ரெண்டு பேரும் எழுதணும்" என்றார் அசல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடமைக்கும் சோம்பலுக்கும் நடந்த பேரத்தில் சோம்பல் நல்ல விலைக்குப் போயிற்று.

"பழைய வட்டு வீட்ல இருக்கா?" என்றார் அசல்.

"இருக்கு சார்."

"அதை உள்ள போடுங்க."

"செத்த டிஸ்க்கையா?"

"பதிவேட்டுல என்ன இருக்கோ அது பெட்டியில இருக்கணும். வலப்புற வட்டு பழுதுன்னு இருக்கு. வலப்புற வட்டு ஓடிட்டிருக்கு. அப்போ யார் தப்பு?"

"பெட்டிதான்" என்றார் நகல்.

இருவரும் குனிந்து பையில் அரக்கைத் தேடும்போது லிஃப்ட்காரர் புது டிஸ்க்கை உருவி மெஷின் மேசையில் வைத்தார். செத்ததைச் சொருகினார். விளக்கு சிவந்தது. அசல் முகத்தில் நிம்மதி படர்ந்தது. பையிலிருந்து அரக்கை எடுத்து உருக்கி, கதவுக்கு முத்திரை வைத்தார். நகலும் வைத்தார். காய்வதற்காக இருவரும் ஆளுக்கொரு பழைய செய்தித்தாளால் விசிறினார்கள். காய்ந்ததும் அசல் கடிகாரத்தைப் பார்த்து, "முத்திரை அலுவலர் முன்னிலையில் உடைக்கப்படுகிறது" என்று உரக்கப் படித்து, சுத்தியலால் தட்டி உடைத்தார். நகல் தன் முத்திரையை உடைத்தார்.

"வட்டு அகற்றப்படுகிறது" என்று சொல்லி அசல் செத்த டிஸ்க்கை உருவினார்.

"வட்டு அகற்றப்படுகிறது" என்று சொல்லி நகல் மற்ற டிஸ்க்கை உருவினார்.

பெட்டி இருண்டது.

"சார்! அது நல்ல டிஸ்க்!"

"அவர் ஒண்ணு எடுத்தார். நான் எதை எடுக்கறது?"

"எடுக்காதீங்க!"

"எடுக்காம எடுத்தேன்னு எப்படி சார் கையெழுத்துப் போடறது? இந்த வேலையில நேர்மைதான் முக்கியம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அசல் பையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்துச் சுவர் பிளக்கில் சொருகினார். அகற்றிய டிஸ்க்கில் அங்கேயே ஓட்டை போட வேண்டும். குடும்ப ரகசியம் வெளியே போய்விடக் கூடாது. குடும்பத்திடமே போய்விடாமல் பார்த்துக்கொள்வதிலும் அது சிறப்பாக வேலை செய்தது. லிஃப்ட்காரர் பாய்ந்தார். அம்மாள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க."

"ஓட்டை போடறான்டி!"

"போடட்டும். விடுங்கங்கறேன்ல."

அசல் தன் டிஸ்க்கில் மூன்று ஓட்டை போட்டார். நகல் தன் டிஸ்க்கில் மூன்று ஓட்டை போட்டார். இரும்புத் தூள் ஜாக்கெட்டுத் துணிமேல் பறந்தது. ஒன்பது வருஷத்தைத் துளைத்த டிரில்லிங் மெஷினின் சூட்டை நகல் வாயால் ஊதி ஆற்றினார்.

அப்போதுதான் அசலின் பார்வை மெஷின் மேசைக்குப் போனது. "அது என்ன வட்டு?"

அம்மாள் அவசரப்படாமல் அந்தப் புது டிஸ்க்கை எடுத்து, வெட்டி வைத்திருந்த துணிக் கட்டின் மேல் வைத்தார்.

"காத்துல துணி பறக்காம இருக்க வெச்சிருக்கேன் சார்."

"எண் சொல்லுங்க."

அம்மாள் டிஸ்க்கின் முதுகிலிருந்த எண்ணைப் படித்தார். அசல் பதிவேட்டைப் புரட்டினார். நகல் தன் பதிவேட்டைப் புரட்டினார். டிரில்லிங் மெஷின் இன்னும் சுவரில்தான் சொருகியிருந்தது.

"இல்ல" என்றார் அசல்.

"என்கிட்டயும் இல்ல."

"ஓட்டை போட்டுடலாமா? எதுக்கும்?"

நகல் யோசித்தார்.

"எந்த வட்டுன்னு எழுதறது சார்?" என்றார் நகல். "இல்லாத வட்டுல ஓட்டை போட்டோம்னா, அந்த ஓட்டைக்கு நம்மகிட்டல்ல விளக்கம் கேப்பாங்க?"

அசல் டிரில்லிங் மெஷினைப் பிடுங்கிப் பையில் வைத்தார். அந்த நிமிடத்தில் அந்த வீட்டில் அரசாங்கத்துக்குத் தெரிந்த டிஸ்க் எல்லாம் செத்திருந்தது. தெரியாத ஒன்று உயிரோடிருந்தது.

இருவரும் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொரு வெற்று டிஸ்க்கை எடுத்துப் பெட்டிக்குள் சொருகினார்கள். பெட்டி இரண்டையும் துடைத்துச் சுத்தம் செய்து, இரண்டு பச்சை விளக்கையும் போட்டது. புதிய முத்திரை விழுந்தது. நகல் சான்றிதழை வாசித்தார்: "இரண்டு வட்டுகளிலும் உள்ளவை எள்ளளவும் வேறுபாடின்றி ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்துகின்றன."

"உள்ள ஒண்ணுமே இல்லையே சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"ரெண்டுலயும் இல்ல பாருங்க" என்றார் அசல். "இவ்வளவு சுத்தமான பொருத்தம் நான் எங்கயும் பார்த்ததில்ல."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அம்மாள் ஜன்னலில் நின்றார். பிறகு அந்த டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி, அடுத்த தெருவிலிருந்த தன் அக்கா வீட்டுக்கு நடந்தார். கடைக்காரர் அங்கேயே வந்து அதை ஒரு சாதாரண டப்பாவில் மாட்டித் திறந்தார். ஆறாயிரமும் இருந்தன. அக்கா எட்டிப் பார்த்து, "இவ்வளவு படமாடி போட்டே?" என்றாள். அம்மாள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதார். கடைக்காரர் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு டிஸ்க்கும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று விலையைச் சொன்னார். அம்மாள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

முந்நூறு ஜாக்கெட்டும் கெடுவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தன. டிசைன்கள் இப்போது அக்கா வீட்டில் ஒன்றிலும், அம்மாள் மெஷினுக்குப் பின்னால் ஒன்றிலும் இருந்தன. வாரம் ஒருமுறை சாப்பாட்டுப் பையில் மாறிக்கொண்டன. இயக்ககத்தின் பெட்டி அலமாரி மேல் இரண்டு பச்சைக் கண்ணோடு விழித்தபடி, உள்ளே ஒன்றும் இல்லாததைக் காவல் காத்தது.

இரண்டு வருஷம் கழித்து இயக்குநரே வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டை மாதிரி இல்லமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அசலும் நகலும் பின்னால் நின்றார்கள். தெருவில் பத்துப் பேர் கூடினார்கள்.

"இந்தப் பெட்டியைப் பாருங்க" என்றார் இயக்குநர். "ரெண்டு வருஷம். ஒரு கோப்பு அழியல. ஒரு கோப்பு கெடல. ஒரு வட்டுக்கும் இன்னொரு வட்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் வரல. மத்த வீடுகள்ல என்ன நடக்குது? நாம முத்திரை வெச்சுட்டு வர்றோம். மறுநாளே உள்ள கோப்பைப் போட ஆரம்பிச்சுடறாங்க. அங்கதான் சிக்கலே தொடங்குது." அம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படிம்மா இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க? நாலு பேருக்குத் தெரியட்டும், சொல்லுங்க."

"நாங்க அதைத் தொடறதே இல்லீங்க சார்."

அசல் கைதட்டினார். அவர் முடித்ததும் நகல் கைதட்டினார். இயக்குநர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். ஆபீசுக்குப் போய், ஒரு மேசையில் முன்மொழிந்து இன்னொரு மேசையில் ஏற்றுக்கொண்டார்.

மறுவாரம் எல்லா வீட்டுக்கும் இரண்டிரண்டு பிரதியாகச் சுற்றறிக்கை வந்தது. பதிவு பெற்ற பெட்டிகளில் கோப்பு எதையும் வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதன் பிறகு அந்த ஊரில் யாருடைய கோப்பும் தொலையவில்லை.